வாஷிங் மெஷினில் ஒரு சிவப்பு அட்டை

குஞ்சிதபாதம் தன் வீட்டுக் கரண்ட் பில்லைக் குறைத்த கதையை அவர் குடியிருக்கும் நகரே புகழ்கிறது. புகழட்டும். நான் எழுதப்போவது அவருடைய மனைவி சந்திரகலாவைப் பற்றி. ஏனென்றால் அந்தப் பில்லைக் குறைத்தது சந்திரகலாவின் வலது தோள்பட்டை.

சந்திரகலா கம்மாபுரம் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு இரண்டு காணி நிலம் இருந்தது, அது பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு வந்தபோது வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. பத்தாவது பாஸ் செய்த பெண் ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வேலை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலையைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடினார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெளியூரில் ஒரு சின்ன மில்லில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்த குஞ்சிதபாதம் தாலி கட்டினார், சுரங்கக் கம்பெனியின் மின்நிலையத்தில் பர்மனென்ட் ஆனார். மற்ற ஊரில் மாமனார் நிலத்தைச் சீராகக் கொடுப்பார். இங்கே நிலம் இருந்த இடத்துப் பள்ளத்தைச் சீராகக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. அகலமான ரோடு, வாசலில் மாமரம், தெருமுனையில் கம்பெனி பஸ். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் குஞ்சிதபாதம் பகலில் தூங்குவார். மிக்சி சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார். எழுந்தால் என்ன நடக்கும் என்று எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். சந்திரகலா தேங்காயையும் மிளகாயையும் தூக்கில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வருவார். அந்த வீட்டுக்காரரும் நைட் ஷிஃப்டாக இருந்தால் அதற்கடுத்த வீடு. அந்த பிளாக்கில் எந்த ஆம்பளை எந்த வாரம் எப்போது தூங்குவான் என்பது எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். உலகத்துக்கே வெளிச்சம் கொடுத்த ஊரில் பெண்கள் சட்னிக்குத் தெருத்தெருவாக அலைந்தார்கள்.

மற்றபடி அங்கே ஸ்விட்ச் என்பது போடுவதற்கு மட்டும் உள்ள பொருள். அணைக்கவும் அது பயன்படும் என்பது பல வீடுகளில் தெரியாது. ஃபேன் ஓடும், கீழே ஆள் இருக்க மாட்டார். ஊருக்குப் போய்த் திரும்பினால் வராந்தா விளக்கு எரிந்துகொண்டே வரவேற்கும். சம்பளத்தில் ஏதோ பிடித்தார்கள், எவ்வளவு என்று யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. மகள் சண்முகப்பிரியா சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி விளக்கை அணைத்துவிட்டு வந்தால், 'நாம உடுற கரண்டு, நாம எரிக்கறோம், உனுக்கு இன்னா கஷ்டம்' என்று அப்பா கேட்பார். அவர் டர்பைன் ஆபரேட்டர். கரண்ட் அவருக்குக் கொல்லைப்புறக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

ரிட்டயர் ஆனார். முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் முந்திரித் தோப்பை வெட்டிப் போட்ட மனைப்பிரிவில் வீடு கட்டினார். தை மாதம் கிரகப்பிரவேசம். மொட்டை மாடியிலிருந்து வாசல்வரை சீரியல் பல்பு தொங்கியது. சண்முகப்பிரியா குடும்பத்தோடு வந்து ஒரு மாதத்துக்கு மேல் தங்கினாள், இரண்டு பேரப்பிள்ளைகள், நாள் முழுக்க கார்ட்டூன், மூன்று வேளை வெந்நீர். இத்தனையும் முடிந்து அவர்கள் ஊருக்குப் போன பிறகு குஞ்சிதபாதத்தின் போனில் கரண்ட் பில் வந்து விழுந்தது.

ஐநூறு யூனிட்டைத் தாண்டியிருந்தது. அந்தக் கோட்டின் கொடுமை குடித்தனக்காரர்களுக்குத் தெரியும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறினால் போகட்டும் என்று விடலாம். கீழே சும்மா கிடந்த யூனிட்டும் சேர்ந்து எழுந்து விலை கேட்கும். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கரண்டுக்கு விலை பார்த்த அந்த மனிதர் முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டார். பிறகு பக்கத்து வீட்டு ராஜேந்திரன் ஒயர் இழுத்திருப்பானோ என்று மாடி ஏறிப் பார்த்தார். கடைசியில் மனைவியிடம் வந்து நின்றார். தேடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆலைகளில் ஒரு மிஷினைப் பழுது பார்க்கும்போது, வேலை செய்கிறவர் அதன் ஸ்விட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவார். டேக் என்பார்கள். அட்டை தொங்கினால் அதை யாரும் தொடக்கூடாது. அட்டையை மாட்டியவரே வந்து கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். குஞ்சிதபாதம் வேலை பார்த்த அந்தப் பழைய மில்லில் எவனோ அவசரத்தில் அடுத்தவன் அட்டையைக் கழற்றி ஸ்விட்சைப் போட்டுவிட்டான். உள்ளே கை வைத்திருந்த ஃபிட்டருக்கு விரல்கள் போயின. குஞ்சிதபாதம் கண்ணால் பார்த்தது. கடவுளைக்கூட அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கும்பிடுவார், டேக்கை அப்படி இல்லை. அந்தக் கதையைச் சந்திரகலா சாம்பார் ஊற்றும்போது ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்.

மகள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய சிவப்பு அட்டைகள் பரணில் இருந்தன. குஞ்சிதபாதம் அவற்றை வெட்டினார், ஓட்டை போட்டார், நூல் கோத்தார். பெயர், அதற்குக் கீழே காரணம். பெயர்: குஞ்சிதபாதம். காரணம்: மிச்சம்.

வாஷிங் மெஷினுக்கு ஒன்று. அது சண்முகப்பிரியா முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்தது. கிரைண்டருக்கு ஒன்று. சமையலறைப் புகைபோக்கி ஃபேனுக்கு ஒன்று. மிக்சிக்கும் ஒன்று, ஆனால் காலைச் சட்னிக்கு மட்டும் அவரே வந்து கழற்றி, அரைத்து முடித்ததும் மறுபடி மாட்டிவிட்டுப் போவார். ஹாலில் ஏ.சி. இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் அதன் கீழேதான் தூங்குவார். அதற்கு அட்டை இல்லை. டி.வி.க்கு இல்லை, நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா. கீசருக்கு இல்லை, அவருக்கு வாத உடம்பு.

ஏதோ தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். ஒரு மத்தியானத் தூக்கத்துக்கு ஏ.சி. தின்னும் கரண்டில் எத்தனை நாள் துணி துவைக்கலாம் என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தெரிந்துதான் மாட்டினார். நம் வீடுகளில் கரண்ட் மிச்சம் என்றால் என்ன அர்த்தம் என்று நினைக்கிறீர்கள்? பொம்பளை கை ஓய்வதற்காக வந்த மிஷின் எது எது என்று பார்த்து அதை நிறுத்துவது. டி.வி.யை நிறுத்தி மிச்சம் பிடித்த ஒரு மகானை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருந்தால் விலாசம் கொடுங்கள், நேரில் வந்து மாலை போடுகிறேன். அந்த இரண்டு காணியைத் தோண்டி எடுத்த கரியில் எந்தெந்த ஊர் விளக்கோ எரிகிறது. அந்தக் காணிக்காரர் மகளுக்கு ஒரு ஃபேன் ஓடக்கூடாது.

பங்குனி பிறந்தபோது சந்திரகலாவின் வலது தோள் இறுக ஆரம்பித்தது. ரவிக்கைக்குள் கை நுழையவில்லை, தலை பின்ன முடியவில்லை. டாக்டர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், பாதியிலேயே நின்றது. துணி பிழியக்கூடாது, ஆட்டுக்கல் பக்கம் போகக்கூடாது, இப்படியே விட்டால் கை இந்த அளவோடு நின்றுபோகும் என்று சொல்லி அனுப்பினார். சந்திரகலா அதை வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார்.

"மிஷின் வர்றதுக்கு முன்ன பொம்பளைங்க துணி தொவைக்கலையா?" என்றார் குஞ்சிதபாதம். "கைய ஆட்டினு இருந்தாத்தான் புடிப்பு உடும்."

மறுவாரம் சந்திரகலா மறுபடி சொன்னார். அட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டார். அடுத்த பில் வரட்டும், பார்ப்போம் என்றார் அவர். சித்திரையில் ஒரு தடவை பக்கெட்டைத் தூக்கும்போது கை கழன்றதுபோல் வலித்து, ஈரத்துணியோடு பின்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கணவர் ஹாலில் ஏ.சி. போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், கதவு சாத்தியிருந்தது. குளிர் வெளியே போகக்கூடாது இல்லையா. அதுவும் மிச்சம்தான்.

அடுத்த பில் வந்தது. ஐநூறுக்கு வெகு கீழே. குறையாமல் என்ன செய்யும்? சீரியல் பல்பு இல்லை, மகள் இல்லை, மருமகன் இல்லை, பேரப்பிள்ளைகள் இல்லை, கார்ட்டூன் இல்லை. அந்த வீட்டில் அட்டையே மாட்டாமல் நாலு பேரை ஊருக்கு அனுப்பியிருந்தாலும் குறைந்திருக்கும். ஆனால் குஞ்சிதபாதம் இரண்டு பில்லையும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் சிவப்பு அட்டையை வைத்துப் படம் எடுத்து நகரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைகூப்பல்களும் கட்டைவிரல்களும் வந்து குவிந்தன. பக்கத்து வீட்டு ராஜேந்திரன்தான் நலச்சங்கச் செயலாளர். அவரும் ரிட்டயர் ஆனவர். உடனே தன் வீட்டிலும் அட்டை மாட்டினார், எங்கே மாட்டியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குஞ்சிதபாதம் வீட்டு ஹாலில் கூட்டம் என்று அறிவித்தார். பொருள்: வீட்டு மின்கட்டணத்தைக் குறைப்பது எப்படி. பேசுபவர்: குஞ்சிதபாதம். கடைசி வரி: வடை, டீ உண்டு.

வடை உண்டு என்பது சந்திரகலாவுக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். முப்பது பேருக்கு உளுந்து ஊற வைக்கச் சொன்னார் கணவர். கிரைண்டர் அட்டையைக் கழற்றித் தருவீர்களா என்று கேட்டார் சந்திரகலா. குஞ்சிதபாதம் உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்:

"கூட்டமே மிச்சத்தப் பத்தி. உள்ள கிரைண்டர் ஓடுனா அவங்க இன்னா நெனைப்பாங்க? ஆட்டுக்கல்லு சும்மாத்தான கெடக்குது. ஒரு நாளு."

ஞாயிறு காலை அவர் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவரப் போனார். சந்திரகலா ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து குழவியைப் பிடித்தார். முதல் சுற்று பாதிக்குமேல் வரவில்லை. இடது கையால் முயன்றார். உளுந்து சிதறியது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்த சிவப்பு அட்டைகளில் ஒன்றை எடுத்தார். பெயர்: சந்திரகலா. காரணம்: கைவலி. ஹாலில் ஏ.சி.க்கும் இரண்டு ஃபேனுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச் போர்டு. அதில் மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய் ராஜேந்திரன் மனைவி கண்ணகியோடு உட்கார்ந்துகொண்டார்.

குஞ்சிதபாதம் நாற்காலிகளோடு வரும்போதே ஆட்கள் பின்னால் வந்துவிட்டார்கள். தனியாக வந்திருந்தால் அதைப் பிய்த்து எறிந்திருப்பார் என்பது என் கட்சி. அவர் சத்தியம் செய்து மறுக்கிறார். எப்படியோ, ஏ.சி. போடப் போன ராஜேந்திரனின் கை போர்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"அண்ணே, டேக் தொங்குது."

வெளியே கத்திரி வெயில். ஹாலில் முப்பது பேர், அத்தனை பேரும் ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். எழுந்து வந்து பார்த்தார்கள், படித்தார்கள், திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். ஒருவரும் தொடவில்லை. ஒரு பொம்பளை கை வலிக்கிறது என்று வாயால் சொன்னால் காதில் ஏறாத கூட்டம், அட்டையில் எழுதியதும் கப்சிப். குஞ்சிதபாதம் சக்கரபாணியைப் பார்த்தார். அவர் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர், புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் டேக் விதியைப் பாடம் எடுத்தவர். வீட்டு விஷயத்துக்கு ஏதாவது விதிவிலக்கு இருக்குமா என்று அவரிடம் கேட்டார்.

"மாட்டுனவங்க வந்து எடுக்கணுங்க," என்றார் சக்கரபாணி, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. "உங்க பேரு இருந்தா நீங்க எடுக்கலாம். இருக்குதா?"

இல்லை. குஞ்சிதபாதம் போன் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போன் எப்போதும் முழுச் சத்தத்தில் இருக்கும். ஹாலே கேட்டது.

"எங்க இருக்க?"

"கண்ணகி வூட்டுல."

"வந்து டேக்க எடு. எல்லாரும் வேர்த்துக்கினு உக்காந்திருக்காங்க."

"வேல முடியலிங்களே. முடியாம எப்டி எடுக்கறது?"

"இன்னா வேல?"

"தொவைக்கணும். அரைக்கணும். மிஷின்ல உங்க பேரு தொங்குது. நான் தொடலாமா?"

ஹாலில் யாரோ இருமினார்கள். குஞ்சிதபாதம் குரலைத் தணித்து, வந்தவர்கள் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"அப்புறம் வேணாங்க. அவங்க இருக்கும்போதே எடுங்க. எல்லாத்தையும். அப்பத்தான் நான் வூட்டுக்குள்ள வருவேன்."

சந்திரகலா போனை வைத்துவிட்டார். குஞ்சிதபாதம் சுற்றிப் பார்த்தார். உதவிக்கு யாரும் இல்லை. ராஜேந்திரன் தன் வீட்டு அட்டைகளை நினைத்தோ என்னவோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் எழுந்து உள்ளே போனார். புகைபோக்கி ஃபேன், மிக்சி, கிரைண்டர். கடைசியில் பின்கட்டுக்குப் போய் வாஷிங் மெஷின். பின்கட்டுக் கதவு ஹாலுக்கு நேர் எதிரே இருந்ததால் அதை எல்லாரும் பார்த்தார்கள். நூல் முடிச்சு விழுந்து அவர் பல்லால் கடிக்க வேண்டியிருந்ததையும் பார்த்தார்கள்.

சந்திரகலா வந்தார். நேரே பின்கட்டுக்குப் போய், ஊறிக்கிடந்த துணியை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மிஷினில் போட்டு, தூளைக் கொட்டி, திருகினார். அது முனகி, தண்ணீர் பிடித்து, சுற்ற ஆரம்பித்தது. திரும்பி வந்து பேச்சாளருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதான் ஓடுதே. டேக்க எடு," என்றார் குஞ்சிதபாதம்.

"ஓடி நிக்கட்டும். அப்புறம் எடுக்கறேன்."

சக்கரபாணி தன்னை மறந்து தலையாட்டினார். "ட்ரையல் பாத்துட்டுத்தான் எடுக்கணும். அதான் முறை."

ஆகவே நலச்சங்க உறுப்பினர்கள் முப்பது பேரும் உட்கார்ந்து ஒரு வாஷிங் மெஷின் ஓடுவதைப் பார்த்தார்கள். துவைத்தது, அலசியது, மறுபடி அலசியது, வீடு அதிர உதறிப் பிழிந்தது. அவர்கள் வாழ்நாளில் துணி துவைக்க ஆகும் நேரம் முழுவதையும் கூடவே இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். கைக்குட்டைகள் நனைந்தன, பனியன் முதுகோடு ஒட்டியது. எழுந்து போகலாம்தான். ஆனால் வடை வருமோ என்ற நம்பிக்கை மனிதனை எதையும் தாங்க வைக்கும். பேச்சாளர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், அவருக்கு நாற்காலி இல்லை.

மிஷின் கூவி நின்றது. சந்திரகலா எழுந்து தன் அட்டையைக் கழற்றினார், ஃபேனைப் போட்டார். ஏ.சி.யையும் போட்டார். முப்பது பேரும் ஒரே மூச்சாகக் காற்று வாங்கினார்கள். வடை இல்லை என்று அவரே சொன்னார், உளுந்து முழுசாக ஊறிக்கிடக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம் வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துப்போய் அரைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ஆட்கள் நாற்காலியை நகர்த்தும் சத்தத்துக்குள் குஞ்சிதபாதம் மனைவி அருகில் வந்தார். உண்மையாகவே மனம் புண்பட்டிருந்தது அவருக்கு.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்திருக்க மாட்டனா?"

"சொன்னேங்க," என்றார் சந்திரகலா.

பங்குனியில் சொன்னார். அதற்கு மறுவாரம் சொன்னார். நேற்றுச் சாயங்காலம்கூடக் கேட்டார். மிஷினிலிருந்து எடுத்துப்போட்ட ஈரத்துணி பக்கெட்டைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

"கை மேல போகல. கொடியில நீங்கதான் போடணும்."

குஞ்சிதபாதம் பக்கெட்டைப் பார்த்தார், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். புடவையை எந்தப் பக்கம் பிடித்து உதறுவது என்று தெரியாமல் அவர் வெயிலில் மல்லுக்கட்டுவதைத் தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ராஜேந்திரன் நெற்றியில் கையை வைத்து நன்றாகப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"பாத்தீங்களா, வெயில்லயே காய வெக்கறாரு. இதுக்குக் கரண்டே தேவயில்ல. இதயும் குரூப்ல போட்டுடலாம்."